ஆசிய ஃபுட்சால் கோப்பையை ஈரானும் ஜப்பானும் மட்டுமே வென்றிருப்பது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுட்சால் என்பது உள்ளரங்கில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து. ஆண்களுக்கான ஆசிய ஃபுட்சால் கோப்பை 2024 வரை 17 முறை நடந்திருக்கிறது. அதில் 13 முறை ஈரானும் 4 முறை ஜப்பானும் வென்றிருக்கின்றன. மூன்றாவதாக ஒரு நாட்டின் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. கால்பந்தின் ஆசியக் கோப்பையை 1976க்குப் பிறகு ஈரான் ஒருமுறைகூட வென்றதில்லை என்னும்போது, இதில் மட்டும் அது எப்படி இவ்வளவு வெல்கிறது, கால்பந்தில் பெயர் பெற்ற தென் கொரியாவும் சவூதி அரேபியாவும் இங்கே எங்கே போயின, முடிவு முன்பே தெரிந்த ஒரு போட்டியை வார இறுதியில் டர்ஃபில் ஐவர் ஆட்டம் ஆடுகிற ஒருவர் எதற்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஈரான் இவ்வளவு வெல்வதற்குக் காரணம் அதன் பலமா, மற்றவர்களின் பலவீனமா என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது.

பல ஆண்டுகளாக ஃபுட்சால் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆசியப் போட்டிகளின் ஒளிப்பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்கே நின்றார்கள், பந்து எந்தக் காலுக்கு வந்தது என்று குறித்துவைத்து, அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. கீழே வரும் ஆண்டுகளும் ஆட்ட முடிவுகளும் பதிவில் உள்ளவை; அவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஏன் அப்படி நடந்தது என்று நான் சொல்லும் காரணங்களில் சில உறுதியானவை, சில என் கணிப்பு. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2024 பாங்காக் போட்டி வரையிலான கதையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பட்டியலை ஒரே மூச்சில் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். அதை 2005க்கும் 2006க்கும் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 1999இல் கோலாலம்பூரில் தொடங்கிய இந்தப் போட்டி 2008 வரை ஆண்டுதோறும் நடந்தது. அதன் பிறகுதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று ஆனது. முதல் ஏழு போட்டிகளையும் ஈரான் ஒன்றுவிடாமல் வென்றது. 2006 முதல் 2024 வரை நடந்த பத்தில் ஈரான் ஆறும் ஜப்பான் நான்கும் வென்றன. ஆறுக்கு நான்கு என்பதைத் தனியாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், முடிவு முன்பே தெரிந்த போட்டி என்று நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். பதின்மூன்று என்ற எண்ணின் கனத்தில் பாதிக்கு மேல் அந்த முதல் ஏழு ஆண்டுகளிலிருந்து வருகிறது.

அந்த ஏழு ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை இறுதி ஆட்டங்களின் கோல் கணக்கே சொல்லிவிடும். 1999இல் தென் கொரியாவை 9-1, 2001இல் உஸ்பெகிஸ்தானை 9-0, 2002இல் ஜப்பானை 6-0 என்று ஈரான் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஒன்பது கோல் வித்தியாசம் என்றால், எதிரே நின்ற அணி அந்த விளையாட்டை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது என்று பொருள். ஆசியாவின் பெரும்பாலான கால்பந்துச் சங்கங்களுக்கு அன்று ஃபுட்சால் புதிது. ஈரானுக்கு அப்படியில்லை. ஆசியக் கோப்பை என்ற ஒன்று பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1992இல் ஹாங்காங்கில் நடந்த ஃபுட்சால் உலகக் கோப்பையில் அது நான்காம் இடம் பிடித்திருந்தது. ஒருவர் பல ஆண்டுகள் பயின்று வந்து நிற்க, மற்றவர்கள் அன்றுதான் அரிச்சுவடியைத் திறந்தார்கள். ஆனாலும் இடைவெளி வேகமாகக் குறைந்தது. 2003 இறுதி ஆட்டம் 6-4, 2004இல் 5-3, 2005இல் 2-0. மூன்றிலும் எதிரணி ஜப்பான்தான். 2006இல் தாஷ்கண்டில் அரையிறுதியில் ஈரானை வீழ்த்திய ஜப்பான், இறுதியில் உஸ்பெகிஸ்தானை 5-1 என்று வென்று முதல் கோப்பையை எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் ஒரே சுவரில் முட்டியவர்கள் ஐந்தாம் ஆண்டு அதை உடைத்தார்கள் என்பதே அந்தக் காலத்தின் உண்மையான கதை.

அதற்குப் பிறகு 2012இல் துபாயில் தாய்லாந்தை 6-1 என்றும், 2014இல் ஹோ சி மின் நகரில் ஈரானை 2-2 சமனுக்குப் பின் பெனால்டி ஷூட்-அவுட்டிலும், 2022இல் குவைத்தில் ஈரானை 3-2 என்றும் ஜப்பான் வென்றது. ஈரான் 2007, 2008, 2010, 2016, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2020 போட்டி துர்க்மெனிஸ்தானில் நடப்பதாக இருந்து கொரோனாவால் கைவிடப்பட்டது.

இரண்டே நாடுகள் என்ற செய்தி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை சொல்ல வேண்டும். ஒரு பகுதி விடை விளையாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று கோல்தான் சராசரியாக விழும். ஒரு திசைதிரும்பிய பந்து, நடுவரின் ஒரு முடிவு, கோல்கீப்பரின் ஒரு நல்ல நாள் ஆகியவற்றால் பலவீனமான அணி வென்றுவிட முடியும். ஃபுட்சாலில் ஒரு பாதிக்கு 20 நிமிடம் என்பது பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு ஓடும் கடிகாரம். பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே அடிபட்டதுபோல் படுத்துக்கொண்டோ பந்தைத் தாமதமாக எடுத்துவந்தோ நேரத்தைக் கடத்த வழியில்லை. மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம், வெளியே எடுக்கலாம். எனவே எதிரணி களைத்துப்போகட்டும் என்று காத்திருப்பதும் பயன் தராது. கோல் முயற்சிகள் மிகுதியாக நடக்கும் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்து, திறமை வித்தியாசம் கோல் கணக்கில் தெரியத்தான் செய்யும். ஒரே அளவு திறமை வித்தியாசம் உள்ள இரண்டு அணிகள் கால்பந்தில் மோதுவதைவிட ஃபுட்சாலில் மோதும்போது வலுவான அணி வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கால்பந்தின் ஆசியக் கோப்பையை இதுவரை ஒன்பது நாடுகள் வென்றிருப்பதற்கும் இங்கே இரண்டே நாடுகள் வென்றிருப்பதற்கும் இது ஒரு காரணம். முழுக் காரணமும் இதுதான் என்று சொல்ல மாட்டேன்.

டர்ஃபில் ஆடுவதாகச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆடும் ஐவர் ஆட்டத்துக்கும் ஃபுட்சாலுக்கும் ஆட்டக்காரர் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். செயற்கைப் புல்லில் வலை கட்டிய கூண்டுக்குள் சாதாரணப் பந்தை வைத்து ஆடும்போது, தவறிய பந்து வலையில் பட்டுத் திரும்பி வந்துவிடும், ஆட்டம் தொடரும். ஃபுட்சாலின் பந்து நான்காம் எண் அளவு கொண்டது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டால் முதல் எழும்பலில் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள்தான் எழ வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள வழவழப்பான தரையில் அந்தப் பந்து உருளும், எழும்பாது. ஆகவே ஆட்டக்காரர் பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்துகிறார், உள்ளங்காலாலேயே இழுத்து உடலைத் திருப்புகிறார். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறிவதில்லை. கோட்டில் வைத்துக் காலால் உள்ளே தள்ள வேண்டும், அதுவும் நான்கு நொடிக்குள். நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணுவார். நான்கு விரல் நீண்டுவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் நேரடி ஃப்ரீ கிக் ஃபவுல்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை, அதைப் பத்து மீட்டர் புள்ளியிலிருந்து அடிக்கலாம். ஐந்து ஃபவுல் ஆகிவிட்ட அணியின் தடுப்பாளர் காலை நீட்டவே தயங்குவதைப் பாருங்கள். அந்தத் தயக்கத்தை எதிரணி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில் அணியின் தரம் தெரிந்துவிடும்.

ஈரானுக்கு வருவோம். அங்கே தெருக்களில் சிறிய கோல் வைத்து ஆடும் ஆட்டம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மலிவான பிளாஸ்டிக் பந்து ஒன்றை அறுத்து, அதற்குள் இன்னொரு பந்தைத் திணித்து, இரட்டை அடுக்குப் பந்தாக்கி ஆடுவார்கள். ஒற்றைப் பந்து காற்றில் அலையும், தரையில் குதித்துக்கொண்டே போகும். இரண்டு சேர்ந்தால் கனம் கூடும், குதிப்பது குறையும், காலடியில் நிற்கும். ஃபுட்சால் பந்துக்கு இருக்க வேண்டிய அதே குணங்களை, விதிப்புத்தகம் எதையும் படிக்காத சிறுவர்கள் கத்தியும் பந்துமாகத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். குறுகிய இடத்தில், கனமான பந்தை, காலடியில் வைத்து ஆடி வளர்ந்தவர்கள் உள்ளரங்குக்கு வரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கிறது. ஈரானின் வெற்றிக்குத் தெருவே காரணம் என்று பலரும் எழுதுவது இதனால்தான்.

ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தெருவில் பந்து ஆடாத நாடு ஆசியாவில் எது? ஈராக்கிலும் இந்தோனேசியாவிலும் பிள்ளைகள் சந்து சந்தாக ஆடித்தான் வளர்கிறார்கள். ஈரானில் தெருவுக்கு மேலே ஒரு மாடி இருந்தது. பல நகரங்களில் உள்ளரங்குகள், அவற்றில் ஆடும் கிளப்புகள், அந்தக் கிளப்புகளைத் தாங்கும் தொழிற்சாலைகள், ஆண்டு முழுதும் நடக்கும் தேசிய லீக் ஆகியவை இருந்தன. ஆகவே பதினெட்டு வயதில் ஒருவன் கால்பந்தில் இடம் கிடைக்காமல் ஃபுட்சாலுக்கு வந்தாலும், முப்பத்தைந்து வயது வரை அதையே தொழிலாகக் கொள்ள முடிந்தது. 392 சர்வதேச கோல்களுடன் சாதனைப் பட்டியலில் இருக்கும் வஹித் ஷம்சாயி அப்படி வாழ்நாள் முழுதும் இந்த ஆட்டத்திலேயே இருந்தவர். 2024இல் பாங்காக்கில் தாய்லாந்தை 4-1 என்று வென்ற அணிக்குப் பயிற்சியாளராக நின்றவரும் அவரே. அந்த 392இல் ஒரு பகுதி எளிய எதிரணிகளுக்கு எதிராக விழுந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தெரு, லீக் இரண்டில் எதன் பங்கு அதிகம் என்பதை யாராலும் எடைபோட்டுச் சொல்ல முடியாது. நான் லீக்கின் பக்கம் சாய்கிறேன்.

அப்படிச் சாய்வதற்கு ஆதாரம் ஒன்று உண்டு. இதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத ஆதாரம். நாடுகளுக்கான கோப்பையோடு கூடவே, 2010 முதல் 2019 வரை ஆசிய ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப் பத்து முறை நடந்தது. ஈரானின் ஃபூலாத் மஹான், கீத்தி பசந்த், தாசிசாத் தர்யாயி, மெஸ் சுங்குன் ஆகிய நான்கு கிளப்புகள் தலா ஒருமுறை வென்றன. ஜப்பானின் நகோயா ஓஷன்ஸ் தனியாக நான்கு முறை வென்றது. தாய்லாந்தின் சொன்புரி புளூவேவ் இரண்டு முறை வென்றது. தேசிய அணியாக ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடாத தாய்லாந்து, கிளப் அளவில் இருமுறை ஆசியாவின் முதலிடத்தில் இருந்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் இப்படிப் படிக்கிறேன்: ஒரே ஒரு சிறந்த அணியை உருவாக்க நல்ல நிர்வாகமும் பணமும் சில வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் போதும், ஆனால் தேசிய அணிக்குப் பதினான்கு பேரும் ஒரே நாட்டவராக இருக்க வேண்டும், அவர்களில் இரண்டு பேர் காயப்பட்டாலும் அதே தரத்தில் இன்னும் இரண்டு பேர் வேண்டும். நான்கு வெவ்வேறு கிளப்புகள் ஆசியாவை வென்ற நாட்டுக்கு அந்த ஆழம் இருக்கிறது. நகோயா என்ற ஒரே கிளப்பின் பெயர் நான்கு முறை வரும் நாட்டுக்கு அந்த ஆழம் குறைவு.

ஜப்பானின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 2007இல் தொடங்கிய அவர்களுடைய தேசிய ஃபுட்சால் லீக்கான எஃப் லீக்கின் முதல் ஒன்பது பட்டங்களையும் நகோயாவே எடுத்துக்கொண்டது. லீக்குக்கு அது நல்ல அறிகுறியா என்றால், இல்லை என்பேன். தேசிய அணி, பிரேசிலையும் ஸ்பெயினையும் சேர்ந்த பயிற்சியாளர்களின் அறிவைப் பொறுமையாக உள்வாங்கி வளர்ந்தது; 2012, 2014 கோப்பைகள் ஸ்பெயின்காரர் மிகேல் ரோத்ரிகோவின் காலத்தில் வந்தவை. அவருடைய அணிகள் பந்து இல்லாதபோது நகரும் விதத்தை இன்றும் நான் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். ஆனாலும் 2016இல் என்ன நடந்தது? தொடர்ந்து இருமுறை வென்ற சாம்பியனாகத் தாஷ்கண்டுக்குப் போன ஜப்பான், காலிறுதியில் வியட்நாமுடன் 4-4 என்று சமன் செய்து பெனால்டியில் தோற்றது. பிறகு உலகக் கோப்பையின் மிஞ்சிய இடத்துக்கான பிளே-ஆஃபில் கிர்கிஸ்தானிடமும் தோற்று, அந்த ஆண்டு கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பைக்கே போகவில்லை. 2024இல் மறுபடியும் நடப்புச் சாம்பியனாக வந்து குழுச் சுற்றிலேயே வெளியேறியது. உஸ்பெகிஸ்தானில் நடந்த உலகக் கோப்பையும் கைவிட்டுப் போனது. நான்கு முறை ஆசியாவை வென்ற நாடு, இரண்டு முறை நடப்புச் சாம்பியனாக இருந்தும் உலகக் கோப்பை வாசலைத் தாண்டவில்லை. போட்டியே இல்லாத இடத்தில் இது நடக்காது.

சாம்பியன் பட்டியலுக்கு அடுத்த படியில்தான் உண்மையான அடிதடி நடக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். உலகக் கோப்பை வரும் ஆண்டுகளில் ஆசியக் கோப்பையே தகுதிப் போட்டியாகவும் இருக்கிறது. பதினாறு அணிகள் நான்கு குழுக்களாக ஆடி, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். அங்கே வென்று அரையிறுதிக்குப் போனால் உலகக் கோப்பை இடம் உறுதி. தோற்றவர்களுக்கு மிஞ்சிய இடத்துக்காகப் பிளே-ஆஃப். ஈரான் போன்ற அணிக்குக் காலிறுதி ஒரு படிக்கட்டு. தஜிகிஸ்தானுக்கோ வியட்நாமுக்கோ நாட்டின் ஃபுட்சால் வரலாறே அந்த நாற்பது நிமிடத்தில் இருக்கிறது. 2016இல் ஜப்பானை வீழ்த்திய வியட்நாம் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போய், அங்கே இரண்டாம் சுற்று வரை ஆடியது. 2021இல் லித்துவேனியாவிலும் அதையே மீண்டும் செய்தது. 2024இல் தஜிகிஸ்தான் அரையிறுதிக்கு வந்து தன் முதல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே போட்டியில்தான் ஆப்கானிஸ்தான் ஆசியக் கோப்பையில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தது. காலிறுதியில் தோற்றும், பிளே-ஆஃப் வழியே உலகக் கோப்பைக்கு இடம் பிடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் மஜீத் மோர்தஸாயி ஈரானியர். ஈரான் தன் கோப்பைகளைவிட ஆசியாவுக்குத் தந்த பெரிய கொடை, அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் பரவிய இந்தப் பயிற்சி அறிவுதான் என்பது என் கருத்து.

கொரியாவையும் சவூதியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென் கொரியா 1999இல் இறுதி ஆட்டம் ஆடியது. அதன்பின் 2024 வரை ஒருமுறைகூட அங்கே வரவில்லை. சவூதி அரேபியா 1989இல் நடந்த முதல் உலகக் கோப்பையிலேயே ஆடிய நாடு. இரண்டிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. கால்பந்து லீக்கில் நல்ல சம்பளமும் புகழும் கிடைக்கும் நாட்டில், பதினாறு வயதுச் சிறுவனும் அவன் பெற்றோரும் ஃபுட்சாலைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது என் கணிப்பு. ஆனால் இந்த விளையாட்டில் யார் வருகிறார்கள், யார் விட்டுப்போகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன். கால்பந்துப் பெருமை ஃபுட்சாலுக்கு உதவும் என்று நினைப்பது வழக்கம். பல இடங்களில் அது ஆட்களை உறிஞ்சிக்கொள்கிறது. மத்திய ஆசிய நாடுகள் இங்கே தங்கள் கால்பந்து மதிப்பைவிட உயர்ந்து நிற்பதற்கு நீண்ட குளிர்காலமும் உள்ளரங்குப் பழக்கமும் காரணமாக இருக்கலாம். இதை உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.

பட்டியலில் மூன்றாவது பெயராக வந்திருக்கக்கூடிய ஒரு நாடு ஆசியாவை விட்டே போய்விட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2000இல் பாங்காக்கில் இறுதியில் ஈரானிடம் 4-1 என்று தோற்றது கஜகஸ்தான். 2002இல் அது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. அதன் கைராத் அல்மாட்டி கிளப் 2013லும் 2015லும் ஐரோப்பிய ஃபுட்சால் கோப்பையை வென்றது. பிரேசிலில் பிறந்த கோல்கீப்பர் ஹிகிட்டாவை எதிரணிப் பாதி வரை முன்னேற்றி ஐந்தாவது ஆட்டக்காரராக ஆடவைத்து, உலகமே படித்த ஒரு பாணியைக் கஜகஸ்தான் உருவாக்கியது. 2021 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஈரானை 3-2 என்று வெளியேற்றியதும் இதே கஜகஸ்தான்தான். அது ஆசியாவிலேயே இருந்திருந்தால் பட்டியல் வேறாக இருந்திருக்குமா என்பதற்கு விடை கிடையாது. என் மனம் இருந்திருக்கும் என்றே சொல்கிறது.

கோல்கீப்பர் முன்னேறுவதை மட்டும் சற்று நெருங்கிப் பாருங்கள். ஆசியப் போட்டிகளின் கடைசி ஐந்து நிமிடங்கள் பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகின்றன. பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, அவருடைய சட்டையின் நிறத்தில் ஒரு வெளி ஆட்டக்காரரை அனுப்புகிறது. இப்போது தாக்குபவர்கள் ஐந்து, தடுப்பவர்கள் நான்கு. தாக்கும் அணியின் கோல் காலியாகக் கிடக்கிறது. நால்வரும் நெருங்கிய கட்டமாக நின்று, பந்து போகும் பக்கம் எல்லோரும் சேர்ந்து நகர்கிறார்கள். ஐவரும் அவசரப்படாமல் பந்தை அங்கும் இங்கும் தட்டிக்கொண்டே, கட்டத்தின் ஒரு மூலை அரை அடி பிந்தும் நொடிக்காகக் காத்திருக்கிறார்கள். பிந்தியதும் பந்து குறுக்கே தூரக் கம்பத்துக்குப் போகும். அங்கே ஒருவர் காலை நீட்டினால் போதும். தடுப்பவர் ஒருவர் பந்தைப் பறித்தாலோ, முப்பது மீட்டருக்கு அப்பால் காலியான கோலுக்கு நேராக அடித்துவிடுவார். இந்தச் சில நிமிடங்களில் ஈரானியத் தடுப்பாளர்கள் பந்தைப் பார்க்காமல் எதிராளியின் இடுப்பைப் பார்த்து நகர்வதைக் கவனியுங்கள். அவர்களுடைய கோப்பைகளுக்கான காரணத்தை என் விளக்கங்களைவிட அது நன்றாகச் சொல்லும்.

ஆசியாவில் இவ்வளவு வெல்லும் ஈரான் உலக அளவில் எங்கே நிற்கிறது என்பதையும் சொன்னால்தான் பதில் முழுமையாகும். 2016இல் கொலம்பியாவில் பிரேசிலை 4-4 சமனுக்குப் பின் பெனால்டியில் வெளியேற்றி மூன்றாம் இடம் பெற்றது. ஆசிய அணி ஒன்று உலகக் கோப்பையில் அடைந்த மிக உயர்ந்த இடங்களில் அது ஒன்று. 2021இல் காலிறுதியோடு நின்றது. 2024இல் இரண்டாம் சுற்றில் மொராக்கோவிடம் 4-3 என்று தோற்றது. ஐரோப்பிய, தென் அமெரிக்க அணிகள் கடும் ஆட்டங்களைத் தங்கள் கண்டத்திலேயே தொடர்ந்து பெறுகின்றன. ஈரானுக்கு அப்படிப்பட்ட ஆட்டங்கள் குறைவாகவே கிடைப்பது அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு என்று நினைக்கிறேன். ஆசியாவின் இரண்டாம் வரிசை வலுப்பெறுவது ஈரானுக்கும் நல்லது.

இந்தியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. 2016இல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரேசிலின் ஃபுட்சால் நட்சத்திரம் ஃபால்காவோ ஆடியதைக் கண்டு பலருக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வந்தது. அவர் ஆடியது தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெறாத ஒரு தனியார் லீக்கில். நம் ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய ஏணியாக அமையவில்லை. தேசிய அளவில் கிளப் போட்டி 2021இல்தான் தொடங்கியது. இந்தியத் தேசிய அணி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியது 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானின் துஷான்பேயில். போட்டி தொடங்கி இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து நாம் உள்ளே வந்தோம். டர்ஃப்கள் பெருகியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாற்பதுக்கு இருபது மீட்டர் மரத்தரையும் பள்ளிப் பருவத்திலிருந்தே சரியான பந்தும் கிடைக்காதவரை டர்ஃபிலிருந்து ஃபுட்சால் ஆட்டக்காரர்கள் உருவாக மாட்டார்கள். தஜிகிஸ்தானைப் போன்ற சிறிய நாடு சாதித்ததை நாம் சாதிக்க முடியாதா என்று பெற்றோர்கள் கேட்கும்போதெல்லாம் இதையே சொல்லிவருகிறேன்.

பார்க்கத் தகுந்த போட்டியா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஆம், ஆனால் இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 2016இன் வியட்நாம்-ஜப்பான் காலிறுதியை முழுமையாகப் பாருங்கள்; ஒரு சிறிய அணி ஒரு பெரிய அணியைத் தன் அளவுக்கு எப்படிக் கீழே இழுக்கிறது என்பது அதில் தெரியும். அடுத்து 2014, 2022 ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஈரான் தோற்ற ஆட்டங்கள், ஈரானை வெல்ல என்ன தேவை என்பதை அவற்றில்தான் காண முடியும். அதன் பிறகு 2024 இறுதியில் ஈரான் வென்றதைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பது நல்லது. முதல் முறை பந்தோடு போங்கள், இரண்டாம் முறை பந்து இல்லாத நால்வரை மட்டும் பாருங்கள்.